லேப்டாப்பை கேம் கன்ட்ரோலர் என்று ஸ்விட்ச் நம்புவது எப்படி

பாம்பனில் எங்கள் அக்கா வீட்டு ஹாலில் ஒரு நின்டெண்டோ ஸ்விட்ச் (டிவியில் மாட்டி விளையாடும் கேம் கன்சோல்) இருக்கிறது, மச்சான் கப்பல் வேலை முடிந்து வரும்போது பிள்ளைகளுக்கு வாங்கி வந்தது. அக்கா மகனுக்குப் பதிமூன்று வயது. பிறந்ததிலிருந்தே வலது கை விரல்கள் மடங்காது. முழங்கையால் எதையும் நன்றாக அழுத்துவான், இடது கை படு வேகம், ஆனால் ஒரு பொருளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் பட்டன் தேடுவது அவனுக்கு ஆகாது. தங்கச்சி கார் பந்தயம் ஓட்டுவாள், இவன் பக்கத்தில் உட்கார்ந்து எந்த வளைவில் எப்போது திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பான். போன மீன்பிடித் தடைக்காலத்தில் ஒருநாள் சாயங்காலம் என்னிடம் கேட்டான்: "மாமா, உங்க லேப்டாப் கீபோர்டுல நான் நல்லாத்தானே விளையாடுறேன், அதை இந்த டிவி கேமுக்கு மாட்ட முடியாதா?"

முடியும், கம்பி கூட வேண்டாம். லேப்டாப்பில் ஏற்கெனவே இருக்கிற புளூடூத்தை வைத்தே "நான் ஒரு ப்ரோ கன்ட்ரோலர்" (ஸ்விட்சுக்கென்று நின்டெண்டோ விற்கும், இரண்டு கையால் பிடிக்கும் கன்ட்ரோலர்) என்று ஸ்விட்சிடம் சொல்லவைக்கலாம். ஸ்விட்ச் அதை நம்பும். ஏன் நம்புகிறது, எது வரைக்கும் நம்புகிறது, எந்த இடத்தில் மாட்டிக்கொள்வோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் படகுகளுக்கு ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் செட் எல்லாம் பழுது பார்க்கிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது பகலெல்லாம் வேலை இருக்கும், ராத்திரி முழுக்க என்னுடையது. அந்த ராத்திரிகளில் கற்றுக்கொண்டது இது.

வயர்லெஸ் செட்டை வைத்தே சொன்னால் சுலபமாகப் புரியும். கடலில் நிற்கிற படகிலிருந்து ஒருவர் கூப்பிட்டால் கரையில் இருப்பவர் படகைப் பார்ப்பதில்லை. எந்தச் சேனலில் கூப்பிடுகிறார், என்ன பெயர் சொல்கிறார், கேட்ட கேள்விக்குப் பொருத்தமான பதில் வருகிறதா, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அதே சேனலில் அதே பெயரைச் சொல்லி, கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னால், பேசுகிறவர் படகில் இருக்கிறாரா வீட்டு மொட்டை மாடியில் இருக்கிறாரா என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஸ்விட்சும் இந்த நிலைமையில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் உடம்பு, ரப்பர் பட்டன், கட்டைவிரலால் சாய்க்கிற இரண்டு குச்சி எல்லாம் நம் கைக்காகச் செய்தவை. காற்றில் போவது வெறும் எண்கள்.

அந்தக் காற்றுவழி முதலில். ஸ்விட்ச் 2017 மார்ச் 3 அன்று வெளிவந்தது, அதன் கன்ட்ரோலர்கள் பேசுவது பழைய பாணிப் புளூடூத், அதாவது கிளாசிக். 2.4 கிகாஹெர்ட்ஸில், ஒவ்வொன்றும் 1 மெகாஹெர்ட்ஸ் அகலமான 79 சேனல்களுக்கு நடுவே நொடிக்கு 1600 தடவை தாவிக்கொண்டே பேசும் முறை. புளூடூத்தில் லோ எனர்ஜி என்று இன்னொரு வகை உண்டு, ஸ்மார்ட் வாட்ச் போன்றவை அதில் பேசும். பெயர் ஒன்றாக இருந்தாலும் மொழி வேறு. இதைச் சொல்லக் காரணம், லேப்டாப் வேண்டாம், சின்ன போர்டு ஒன்றில் செய்துவிடலாம் என்று இறங்குகிறவர்கள் இங்கேதான் காசை விடுகிறார்கள்: பழைய இஎஸ்பி32 போர்டில் கிளாசிக் உண்டு, அதற்குப் பிறகு வந்த சி3, எஸ்3 போர்டுகளில் லோ எனர்ஜி மட்டும்தான். அவற்றை வைத்துக்கொண்டு எவ்வளவு நல்ல புரோகிராம் எழுதினாலும் ஸ்விட்ச் காதில் விழாது.

கீபோர்டு, மவுஸ், கன்ட்ரோலர் என்று மனிதர் கையால் இயக்குகிற எல்லாக் கருவிக்கும் ஹெச்ஐடி என்று ஒரு பொது ஒழுங்கு இருக்கிறது. புளூடூத்தில் அது இரண்டு வாசல் வழியாக நடக்கும். 17ஆம் எண் வாசல் கட்டளைக்கு, 19ஆம் எண் வாசல் பட்டன் செய்திகளுக்கு. சாதாரணமாக லேப்டாப் இந்த வாசல்களில் கேட்கிற பக்கம் நிற்கும், மவுஸ் பேசும். நமக்கு வேண்டியது லேப்டாப் பேசுகிற பக்கம் போய் நிற்பது. விண்டோஸில் சாதாரண புரோகிராமுக்கு அந்த இடத்தில் நிற்க அனுமதி கிடைக்காது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸில் கிடைக்கும், ஆனால் அங்கேயும் புளூஸ் என்கிற புளூடூத் மென்பொருள் அந்த இரண்டு வாசலையும் முன்கூட்டியே பிடித்து உட்கார்ந்திருக்கும். அதனுடைய 'இன்புட்' என்கிற பகுதியை அணைத்துவிட்டு மறுபடி தொடங்கினால்தான் வாசல் காலியாகும். அணைத்திருக்கும் நேரத்தில் அந்த லேப்டாப்பில் புளூடூத் மவுஸ் வேலை செய்யாது. நான் முதல் ராத்திரி முழுக்க வாசல் காலியில்லை என்கிற பிழைச் செய்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசல் கிடைத்த பிறகு வேஷம் போட வேண்டும். லேப்டாப்பின் புளூடூத் பெயர் 'ப்ரோ கன்ட்ரோலர்' என்று, ஸ்விட்ச் எதிர்பார்க்கிற அதே எழுத்துகளில், மாற வேண்டும். "நான் எந்த வகைச் சாதனம்" என்று அறிவிக்கிற எண் கேம்பேடுக்கு உரிய 2508 ஆக வேண்டும் (இதுவும் கீழே வரும் இடம், நிறம், செய்தி, பட்டன் எண்களும் கணினிக்காரர்களின் பதினாறு அடிமான முறையில் எழுதியவை). ஸ்விட்சில் கன்ட்ரோலர்களின் பிடியையும் வரிசையையும் மாற்றுவதற்கு ஒரு திரை உண்டு, அந்தத் திரை திறந்திருக்கும்போது மட்டும்தான் அது புதிய ஆட்களைத் தேடும். சரியான நேரத்தில் லேப்டாப் கண்ணில் பட்டால் இணைப்பு விழும், இரண்டு பக்கமும் ஒரு ரகசியச் சாவியைச் சேமித்துக்கொள்ளும், அடுத்த தடவை லேப்டாப்பே நேராகக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

இணைப்பு விழுந்ததும் விளையாட்டு தொடங்கிவிடாது. ஸ்விட்ச் வரிசையாகக் கேள்வி கேட்கும். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். முதல் கேள்வி "நீ யார்". ஒற்றை ஜாய்கான் (ஸ்விட்சின் இரண்டு பக்கமும் மாட்டும் சின்னக் கன்ட்ரோலர்) இடது என்றால் 1, வலது என்றால் 2, ப்ரோ கன்ட்ரோலர் என்றால் 3, கூடவே உள் மென்பொருளின் பதிப்பு எண், முகவரி. அப்புறம், "உன் நினைவகத்தில் இந்த இந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று படித்துக் காட்டு" என்று கேட்கும். உண்மையான கன்ட்ரோலருக்குள் ஒரு சின்ன நினைவகச் சில்லு இருக்கிறது. சீரியல் எண், குச்சியின் அளவுத் திருத்தம், அசைவு உணரியின் அளவுத் திருத்தம், உடம்பின் நிறம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். லேப்டாப்பில் அந்தச் சில்லு கிடையாது, அதனால் சில்லில் இருப்பதைப் போன்ற பதில்களை நாமே எழுதி வைத்துக்கொண்டு, எந்த இடம் கேட்கிறதோ அந்த இடத்துப் பதிலை எடுத்து நீட்ட வேண்டும். தாமதமாக நீட்டினாலோ வேறு இடத்துப் பதிலை நீட்டினாலோ இணைப்பை அறுத்துவிடும், காரணமும் சொல்லாது.

நிறம் இருக்கும் இடம் 6050. முதல் மூன்று எண் உடம்புக்கு, அடுத்த மூன்று பட்டன்களுக்கு. பையனிடம் என்ன நிறம் வேண்டும் என்று கேட்டேன். "தாத்தா வல்லத்துப் பச்சை" என்றான். எங்கள் அப்பா வைத்திருந்த வல்லம், இப்போது இல்லை. கொஞ்சம் நீலம் கலந்த பச்சை, நான் சின்ன வயதில் அதற்கு வருஷாவருஷம் பெயின்ட் அடித்திருக்கிறேன். 00 80 60 என்று மூன்று எண்ணை எழுதினேன். ஸ்விட்ச் திரையில் ஒரு கன்ட்ரோலர் படம் அந்தப் பச்சையில் வந்து நின்றது. அப்படி ஒரு கன்ட்ரோலர் வீட்டில் எங்கும் இல்லை, அது இருப்பது மேசை மேல் கிடந்த என் பழைய லேப்டாப்புக்குள். அக்கா சமையலறையிலிருந்து வந்து அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றது.

இந்தக் கேள்வி பதிலை எல்லாம் நான் கண்டுபிடிக்கவில்லை. ஸ்விட்ச் வந்த அதே 2017லேயே, டெக்கு நியூகெம் என்ற புனைபெயரில் எழுதும் ஒருவர் ஜாய்கானைப் பிரித்துப் போட்டு, அது பேசுவதை ஒட்டுக்கேட்டு, எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று குறிப்பெடுத்து, புரோகிராம்களைப் பகிரும் கிட்ஹப் இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்தார், பலரும் அதில் சேர்த்துக்கொண்டே போனார்கள். அதை அடித்தளமாக வைத்து ஜாய்கன்ட்ரோல், என்எக்ஸ்பிடி என்ற மென்பொருள்கள், பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதியவை, வந்தன. கூலி வாங்காமல் செய்த வேலை. ராஸ்பெர்ரி பை என்கிற சின்னக் கணினியிலோ லினக்ஸ் போட்ட எந்தப் பழைய லேப்டாப்பிலோ அவற்றை ஓட்டலாம். பாம்பனில் உட்கார்ந்திருக்கிற ஒரு பையன் கார் ஓட்டுவதற்கு அவர்களுடைய ராத்திரித் தூக்கமும் காரணம் என்று நினைக்கும்போது எனக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

சரி, கேள்விகள் முடிந்தால் விளையாட்டுச் செய்தி. ஸ்விட்ச் "இனி முழுச் செய்தியாக அனுப்பு" என்று சொன்னதும் 30 என்ற எண்ணில் தொடங்கும் செய்தி, ஒவ்வொன்றும் 49 பைட், தொடர்ந்து போக வேண்டும். ப்ரோ கன்ட்ரோலர் என்றால் நொடிக்கு சுமார் 120, ஜாய்கான் என்றால் அதில் பாதி. நீங்கள் எதையும் அழுத்தாவிட்டாலும் போய்க்கொண்டே இருக்கும், "ஒன்றும் அழுத்தவில்லை, ஒன்றும் அழுத்தவில்லை" என்று. பட்டன்களுக்கு மூன்று பைட். முதல் பைட்டை எட்டு சுவிட்ச் உள்ள ஒரு பலகையாக நினைத்துக்கொள்ளுங்கள்: ஒய் பட்டன் 01, எக்ஸ் 02, பி 04, ஏ 08, மேலே ஆர் 40, இசட்ஆர் 80. ஏ மட்டும் அழுத்தினால் 08, ஏவும் இசட்ஆரும் சேர்த்து அழுத்தினால் 88. இரண்டு விரலுக்கு உள்ள வேலையை ஒரே எண்ணில் எழுதிவிடலாம் என்பதைக் கவனியுங்கள், பையனுக்கு இது எப்படி உதவியது என்று கீழே வருகிறேன்.

குச்சி இன்னும் அழகானது. இடது குச்சிக்கு மூன்று பைட், வலதுக்கு மூன்று. ஒவ்வொரு மூன்று பைட்டிலும் இரண்டு எண்கள் நெருக்கி அடைத்திருக்கும், குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, இரண்டும் 0 முதல் 4095 வரை போகலாம். நடுவில் நிற்கும் குச்சி இரண்டிலும் 2048. அதைப் பதினாறு அடிமான முறையில் எழுதி அடைத்தால் 00 08 80 என்று வரும். இதைப் பார்த்துவிட்டு நடு பைட் எதற்கு 08 என்று குழம்புவார்கள், அந்த ஒரு பைட்டின் கீழ்ப்பாதி குறுக்கு எண்ணுக்கும் மேல்பாதி நெடுக்கு எண்ணுக்கும் சொந்தம், ஒரு சுவருக்கு இரண்டு வீட்டுக்காரர்கள் போல. உண்மையான குச்சி எதுவும் 0க்கோ 4095க்கோ சரியாகப் போய் முட்டாது. ஒவ்வொரு குச்சிக்கும் எல்லை கொஞ்சம் முன்பின் இருக்கும், அதனால்தான் ஸ்விட்ச் முன்பே அளவுத் திருத்தத்தைக் கேட்டு வாங்குகிறது. நம் விஷயத்தில் அளவையும் நாம்தான் கொடுக்கிறோம், அளக்கிற கோலையும் நாம்தான் கொடுக்கிறோம். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தினால் போதும்.

மீதியில் 36 பைட் அசைவு உணரிக்கு. இதில் பலரும் பூஜ்ஜியமாக நிரப்பி அனுப்புவார்கள், பெரும்பாலான விளையாட்டுக்கு அது போதும். ஆனால் மேசை மேல் சும்மா கிடக்கிற கன்ட்ரோலர் கூடப் பூமியின் இழுப்பை உணரும், கணக்கில் அது ஒரு திசையில் சுமார் 4096 என்று இருக்க வேண்டும். எல்லாம் பூஜ்ஜியம் என்றால் அந்தரத்தில் விழுந்துகொண்டே இருக்கிற பொருள் என்று அர்த்தம். சாய்த்துக் குறிபார்க்கிற விளையாட்டு என்றால் அங்கே வேஷம் கலையும்.

இப்போது தாமதம். எனக்கு அதிக நாள் பிடித்தது இதுதான், இணையத்தில் குறைவாக எழுதியிருப்பதும் இதுதான். முதல் வாரத்தில் பையன் இடது பக்கம் திருப்பினால் கார் அரை நொடி கழித்துத் திரும்பும், விளையாட விளையாட அந்த அரை நொடி ஒரு நொடியாகும். பைத்தான் மெதுவாக இருக்கிறது என்று நினைத்து நான் புரோகிராமை இன்னும் வேகமாக அனுப்பவைத்தேன், நிலைமை மோசமானது. காரணம் பிறகுதான் புரிந்தது. புளூடூத்தில் எப்போது பேசலாம் என்று முடிவு செய்வது ஸ்விட்ச், கன்ட்ரோலர் தன் முறை வரும்போதுதான் பேசலாம். முறை வருவதற்கு முன்னால் நாம் எழுதித் தள்ளுகிற செய்திகள் எல்லாம் லேப்டாப்புக்குள்ளேயே வரிசையில் நிற்கும். ஸ்விட்சுக்குப் போய்ச் சேர்வது வரிசையின் முன்னால் நிற்கிற பழைய செய்தி.

தெற்குவாடியில் மீன் ஏலம் நடக்கும்போது பாருங்கள், ஏலம் விடுகிறவருக்கு வேண்டியது இந்த நிமிஷத்து விலை. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் யார் என்ன கேட்டார்கள் என்று ஒருவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தால் கூடை கைமாறிப் போயிருக்கும். ஆகவே செய்த மாற்றம் இவ்வளவுதான்: வரிசையில் முந்தைய செய்தி இன்னும் நின்றால் புதிதாக எதையும் போடாதே, இடம் காலியானதும் அந்தக் கணத்தில் எந்தப் பட்டன் அழுந்தியிருக்கிறதோ அதை மட்டும் எழுது. தாமதம் அன்றைக்கே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்தது.

அதற்குப் பிறகும் எப்போதாவது கார் ஒரு பக்கமாகவே திரும்பிக்கொண்டு போய் மோதும். அது வைஃபை. பல லேப்டாப்பில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சில்லில், ஒரே ஆன்டெனாவில், ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில் முறைவைத்துப் பேசுகின்றன. அக்கா மகள் மாடியில் வீடியோ பார்த்தால் பிரச்சினையில்லை, அதே லேப்டாப்பில் ஏதாவது டவுன்லோடு ஓடினால் "விரலை எடுத்துவிட்டான்" என்ற செய்தி போய்ச் சேர நேரமாகும், அதுவரை ஸ்விட்ச் கடைசியாகக் கேட்டதையே நம்பிக்கொண்டிருக்கும். விளையாடும் நேரம் வைஃபையை அணைத்துவிட்டேன். தனி புளூடூத் டாங்கிள் செருகுகிறவர்கள் யுஎஸ்பி 3 சாக்கெட் பக்கத்தில் நேராகச் செருகாமல் ஒரு சின்ன நீட்டிப்பு ஒயர் வைத்துத் தள்ளி வையுங்கள், அந்த சாக்கெட் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் போடும்.

எல்லா கன்சோலிலும் இது நடக்காது. பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரிடம் ஒரு புதிர் கொடுத்து, உள்ளே ரகசியச் சாவி வைத்திருப்பவர் மட்டும் போடக்கூடிய கையெழுத்தைக் கேட்கிறது, அந்தச் சாவி இல்லாமல் வேஷம் நிலைக்காது. எக்ஸ்பாக்ஸ் தன் கன்ட்ரோலர்களோடு புளூடூத்தில் பேசுவதே இல்லை, மைக்ரோசாஃப்டின் சொந்த ரேடியோ முறை. ஆனால் அதே மைக்ரோசாஃப்ட் 2018ல் அடாப்டிவ் கன்ட்ரோலர் என்று ஒன்றைக் கொண்டுவந்தது, பெரிய பெரிய இரண்டு பட்டன்கள், பின்னால் எந்த சுவிட்சையும் செருக வரிசையாகத் துளைகள், காலால், தலையால், முழங்கையால் விளையாடுகிறவர்களுக்காகவே செய்தது. என் கருத்தில் எல்லா கன்சோல்காரர்களும் இப்படி ஒன்றைச் செய்து, அதை ராமநாதபுரம் பஜாரில் ஒரு அப்பா வாங்கக்கூடிய விலைக்குக் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் இந்தத் திறந்த வழி அடைபடாமல் இருக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். இதே வழியை வைத்து ஆன்லைன் போட்டியில் பட்டன்களைத் தானாக அடிக்கவைத்து ஜெயிப்பவர்களும் இருக்கிறார்கள். எதிரில் ஒரு மனிதர் உண்மையாக விளையாடிக்கொண்டிருக்கிறார், அவரை ஏமாற்றுவது தப்பு, அக்கவுன்டும் போகும். நாங்கள் வீட்டுக்குள்ளே மட்டும் விளையாடுகிறோம்.

பையனுக்கு நான் அமைத்தது இப்படி. அவர்கள் விளையாடும் பந்தயத்தில் ஏ பட்டனை விடாமல் பிடித்தால்தான் கார் ஓடும். முழங்கையால் ஒரு மணி நேரம் ஒரே இடத்தை அழுத்திப் பிடிப்பது வலி. அதனால் ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு தட்டினால் 08 போய்க்கொண்டே இருக்கும், இன்னொரு தட்டுக்கு நிற்கும். வளைவில் சறுக்குவதற்கு ஏவோடு ஆரையும் சேர்த்து அழுத்த வேண்டும், அதற்கு எண்டர் சாவி ஒன்றே 48 என்று அனுப்பும். திருப்புவது இடது கையில் இரண்டு சாவி. சாவியில் பாதி அழுத்தம் என்று ஒன்று கிடையாது, தொட்டதும் 0 அல்லது 4095 என்று அனுப்பினால் கார் வெட்டி வெட்டித் திரும்பும். அதனால் 2048லிருந்து மெல்ல மெல்ல ஓரத்துக்குப் போகிற மாதிரி, பத்துப் பதினைந்து செய்தியில் பிரித்து எழுதினேன், விட்டதும் அதே மாதிரி நடுவுக்குத் திரும்பும். எத்தனை செய்தியில் போக வேண்டும் என்ற எண்ணை அவனே மாற்றி மாற்றிப் பார்த்து 12 என்று முடிவு செய்தான். எனக்கு 12க்கும் 14க்கும் வித்தியாசம் தெரியவில்லை, அவனுக்குத் தெரிகிறது.

ஆடி மாதக் கச்சான் காற்றில் மணலும் உப்பும் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து எல்லாச் சாவியிலும் ஏறும், கன்ட்ரோலர் குச்சிக்குள் இருக்கிற கரித்தடமும் அதில் தேயும். பழைய லேப்டாப்பில் ஒரு வசதி, ஸ்பேஸ் பார் இறுகிப்போனால் அதே வேலையை வேறு சாவிக்கு மாற்றிவிட ஒரு வரி போதும். இதுவரை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது.

கேள்வி வரிசையில் ஒன்றை மட்டும் மேலே சொல்லாமல் விட்டேன். கடைசிப் பக்கமாக ஸ்விட்ச் கேட்பது விளக்கு: "நீ முதல் ஆட்டக்காரர், உன் முதல் விளக்கை எரி." உண்மையான கன்ட்ரோலரில் வரிசையாக நான்கு சின்னப் பச்சை விளக்குகள் இருக்கும். லேப்டாப் விளக்கே இல்லாமல் "எரித்துவிட்டேன்" என்று பதில் சொன்னாலும் ஸ்விட்ச் ஏற்றுக்கொள்ளும், அந்த மென்பொருள்களும் அப்படித்தான் சொல்கின்றன. எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. அந்தக் கட்டளை வந்தால் கீபோர்டில் கேப்ஸ் லாக் விளக்கை எரியவைக்க இரண்டு வரி சேர்த்தேன், லினக்ஸில் அந்த விளக்கு ஒரு ஃபைல் மாதிரி, அதில் 1 என்று எழுதினால் எரியும். இப்போது தினமும் சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு டிவியைக்கூடப் பார்க்காமல் அவன் குனிந்து அந்த ஒற்றை விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பான். எரிந்ததும் தங்கச்சியைப் பார்த்து, "ஏய், நான் வந்துட்டேன், ஆரம்பி" என்பான்.